மிச்சமிருந்த பேட்டரி

“இப்ப ஏத்தாண்டாம், டெனிலே. இறக்கை சுத்தத் தொடங்கினாலே சார்ஜ் கரைஞ்சிடும்” என்றாள் ஷெமி.

மழை விட்டு வெகு நேரமாகியும் இருவரும் மழைக்கோட்டைக் கழற்றவில்லை. கொல்லைப்புற வயல் முழுக்கத் தண்ணீர். தண்ணீர் முழுக்க வானம். நடுவே ஒற்றை வரம்பு. அதன் முனையில் ட்ரோன், அடைகாக்கும் கோழி மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

“கையில இருக்கது ஒரே ஒரு பேட்டரியாக்கும்” என்று டெனில் பெருமூச்சு விட்டான். “மத்ததெல்லாம் அந்த வேதமணி தின்னு தீத்தாச்சு.”

வேதமணி பெண்ணின் தாய்மாமன். தன் புது வீட்டு மாடியை மேலிருந்து எடுத்தே ஆகவேண்டும் என்று மதியம் அடம்பிடித்தார். எடுத்தபோது மாடியில் நின்று கையும் ஆட்டினார். எல்லாக் கல்யாணத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். அப்படி ஒருவரால்தான் ஷெமி கனவில் வைத்திருந்த ஷாட் ஒவ்வொரு முறையும் கைநழுவிப் போனது. இரண்டு பக்கமும் வானம் கிடக்க, வரம்பில் இரண்டு பேர் நடக்கிறார்கள். கேமரா மேலே மேலே போகிறது. அவர்கள் சின்னப் புள்ளிகளாகி மேகத்துக்குள் நடந்து மறைகிறார்கள்.

“எத்தனை கல்யாணத்துல விட்டுக்கொடுத்தாச்சு. இதுல மாட்டேன்” என்றாள். “இன்னைக்குப் போச்சுன்னா பின்ன ஒருக்காலும் கிடையாது.”

“செரி, பேட்டரி தாங்குமா?”

“வழி போட்டு வச்சாச்சு. பொத்தான அமுக்கினா தானே போவும், தானே வரும். போறப்ப எதிர்க்காத்து. அப்ப சார்ஜ் நிறைய உண்டு, சமாளிச்சிடும். வாறப்ப காத்தே தள்ளிக் கொண்டுவரும். ஆனா ஒரு தடவதான், கேட்டியா?”

“சூரியன் அந்தத் தெங்குக்குக் கீழ எறங்கட்டு. அப்பத்தான் தண்ணி பொன்னாட்டு மின்னும்.”

காத்திருந்தார்கள். ஒரு கொக்கு தண்ணீரிலிருந்த மேகத்தின்மேல் கால் வைத்து நடந்தது. ஷெமிக்கு எதற்கென்று தெரியாமல் சிரிப்பு வந்தது. நேரம் அப்படியே நின்றுவிட்டால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

கல்யாணப் படம் எடுக்கும் அவர்கள் தொழிலில் யாருக்கும் பெயர் கிடையாது. பொண்ணு, மாப்பிள்ளை, அவ்வளவுதான்.

“எனக்கு மாப்பிள்ளைய நினைச்சாத்தான் பயம்” என்றாள். “பஸ்ஸப் பிடிக்கப் போறதுபோல விறுவிறுன்னு நடப்பான். ஷாட்டு பாதியில முடிஞ்சு போவும்.”

“பொண்ணு மட்டும் ஒழுங்கோ? கேமராவப் பாக்காதேன்னு சொன்னா கேப்பாளா? அண்ணாந்து அண்ணாந்து பாப்பா.”

“பாக்க மாட்டா.”

“பந்தயம் கட்டுதியா?”

அதற்குள் வயலின் அந்தக் கரையிலிருந்து கல்யாண வீட்டம்மா சுகிர்தபாயின் குரல் கேட்டது.

“எலே மக்கா! பொண்ணும் மாப்பிள்ளையும் இல்லாம பந்தல்ல கேக்கு எப்பிடி வெட்டுயது? ஆளுவ போவத் தொடங்கியாச்சு!”

“ஒத்த ஷாட்டு, அம்மா! முடிஞ்ச உடனே ரெண்டு பேரையும் கொண்டு வாறோம்!” என்று டெனில் திரும்பக் கத்தினான்.

சூரியன் தென்னை ஓலைகளுக்குக் கீழே இறங்கியது. வயல் ஒரே நொடியில் மஞ்சளானது.

“இப்ப!” என்றான் டெனில்.

ஷெமி பொத்தானை அமுக்கினாள். ட்ரோன் ரீங்கரித்து எழும்பி, காற்றை எதிர்த்துப் போயிற்று. அவள் ரிமோட்டை வரம்பின் ஓரம் வைத்தாள். இருவரும் அவசர அவசரமாக மழைக்கோட்டைக் கழற்றிப் போட்டார்கள். அவள் கல்யாணப் பட்டின்மேல், காலையில் டெனில் கட்டிய புதுத் தாலி மின்னியது.

வரம்பில் காலெடுத்து வைத்ததுமே அவள் அண்ணாந்தாள்.

“மேல பாக்காதே, பொண்ணே” என்று அவள் கையைப் பிடித்தான் மாப்பிள்ளை.