கறுப்புப் பொத்தான்

கொல்லப்பட்டவர்களுக்காகக் கட்டிய அந்த அருங்காட்சியகத்தில் பெரியப்பாவின் சட்டைக்குத் தனிக் கண்ணாடிப் பெட்டி கிடைத்திருந்தது. புதைகுழியிலிருந்து எடுத்த சட்டை. வெள்ளைப் பொத்தான்களுக்கு நடுவே ஒரு கறுப்புப் பொத்தான் இருந்ததை வைத்துத்தான் பெரியம்மா அதை அடையாளம் காட்டினாள். அதன்பிறகு திவசம் கொடுக்கத் தொடங்கினாள். அப்பாவையும் அதே நாளில் அதே வண்டியில்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவருடையது என்று ஒரு நூல்கூடக் கிடைக்கவில்லை. அம்மா இன்னும் பொட்டு வைக்கிறாள், ஒவ்வொரு இரவும் ஒரு கோப்பைச் சோற்றை மூடி வைக்கிறாள், காலையில் கொட்டுகிறாள்.

பெரியம்மா பெட்டிக்கு முன்னால் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொன்னாள். அவர்கள் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அம்மாவை விலக்கிக்கொண்டு போய்த்தான் அந்தக் கையைப் பிடித்தார்கள்.

“குடுத்துவைச்சவ,” என்றாள் அம்மா. “அழுறதுக்கு ஒரு இடம் இருக்கு.”

“சும்மா இரம்மா.”

“ஏன் சும்மா இருக்கோணும்? அந்தப் பொத்தான் ஆரின்ரை எண்டு தெரியுமே? பெரியப்பான்ரை சட்டையிலை ஒண்டு கழண்டுபோச்செண்டு இவதான் வந்து நிண்டவ. உன்ரை அப்பான்ரை சட்டையிலை இருந்து நான்தான் வெட்டிக் குடுத்தனான்.”

நான் பிடிப்பதற்குள் அம்மா காவலாளியிடம் போய்விட்டாள்.

“தம்பி, சட்டை அவவுக்கே இருக்கட்டும். கறுப்புப் பொத்தானை மட்டும் வெட்டித் தாங்கோ.”

பெரியம்மாவின் கதை பாதியில் நின்றது. அவள் இரண்டு கைகளையும் விரித்துக் கண்ணாடியை முதுகால் மறைத்துக்கொண்டாள்.

“அதை வெட்டினா, பிறகு இது ஆரின்ரை சட்டையடி?” என்றாள்.