சீமைக் காருக்குக் கயிறு

அப்பாத்துரையின் மானத்துக்கு விலை இருபத்திரண்டரை லட்சம் ரூபாய். பெயர் மாற்றிய செலவு தனி. அந்த மானம் இப்போது சேரன்மகாதேவி தாண்டி, வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில், உச்சி வெயிலில் மூச்சை நிறுத்தி நின்றுகொண்டிருந்தது.

ஜெர்மனியில் செய்து கப்பலில் வந்த கார். பழசுதான், ஆனால் மீட்டர் நாற்பதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டவில்லை. பாளையங்கோட்டை மார்க்கெட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் வேறு எவனிடமும் இப்படி ஒன்று இல்லை என்பதுதான் அதன் முக்கியமான உதிரிபாகம்.

"கோழி வாங்கப் போனா நாட்டுக்கோழியான்னு நாலு தடவை கேப்பிய," என்றாள் மனைவி ஜெபகனி, முந்தானையால் விசிறிக்கொண்டே. "காரு மட்டும் சீமையில இருந்து வரணும்!"

"ஏட்டி, நாட்டுக் காரு அலுமினியச் சட்டி. தட்டுனா நெளியும். இது வெண்கலப் பானை."

"பானைதான். வச்ச இடத்தில அப்படியே இருக்கு."

அப்போது ஒரு சின்ன வெள்ளைக் கார் அவர்களைக் கடந்துபோய், நின்று, பின்னால் வந்தது. அப்பாத்துரை தரையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

அது அவருடைய பழைய கார். உள்நாட்டுச் சரக்கு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் விக்கிரமசிங்கபுரம் இசக்கிமுருகனுக்கு விற்றது. விற்பதற்கு முந்தின நாள் மீட்டரைத் திருப்பி, ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தை எண்பதாயிரமாக்கியிருந்தார். அறுபதாயிரம் கிலோமீட்டரை ஒரே மத்தியானத்தில் பின்னோக்கி ஓட்டிய பெருமை அவருடையது.

"அண்ணாச்சி! இங்கன என்ன நிக்கிய?" நெற்றி நிறையத் திருநீறோடு இசக்கிமுருகன் இறங்கி வந்தான். வண்டி வாங்கிய அன்றைக்கு 'வயரிங் வேலை பாக்கேன்' என்று அவன் சொன்னதும், 'அப்ப ஒயரு, சுவிட்சு எல்லாம் நம்ம கடையிலயே எடுலே' என்று அதிலும் ஒரு வியாபாரம் பார்த்தவர் அப்பாத்துரை.

"சும்மா, காத்தோட்டமா நின்னோம்," என்றார்.

"பேனட்டத் தொறந்து வச்சா காத்து வாங்குதிய?"

ஜெபகனி சிரித்துவிட்டாள். "எங்க பழைய வண்டி எப்படிப்பா ஓடுது?"

"தங்கம்க்கா! மழையோ பனியோ, ஒரே தட்டுல கிளம்பும். அண்ணாச்சி பொய் சொல்லியா விப்பாவ?"

அப்பாத்துரைக்கு முதுகில் வேர்வை வழிந்தது. வெயிலுக்கு வேர்த்ததாக வைத்துக்கொண்டார்.

இசக்கிமுருகன் கயிற்றோடு வந்தான். சீமைக் காரின் வழவழப்பான முகத்தில் கயிறு கட்ட இடமே இல்லை. அவன் யாரையும் கேட்கவில்லை. டிக்கியின் விரிப்பைத் தூக்கி, அடியிலிருந்து ஒரு கொக்கியை எடுத்தான். முன் பம்பரில் ஒரு சின்ன மூடியை நாணயத்தால் நெம்பி, கொக்கியை உள்ளே திருகினான்.

"இதுல இப்படி ஒண்ணு இருக்கா!" என்றார், ஆறு மாதமாக அந்தக் காரைத் துடைத்துத் துடைத்து ஓட்டியவர்.

"இருக்கும் அண்ணாச்சி."

"முன்வண்டியில ஏசி ஓடுது," என்று ஜெபகனி அதில் ஏறிக்கொண்டாள்.

பட்டறைக்கு இருபது கிலோமீட்டர். பத்தமடை டீக்கடையில் நாலு பேர் எழுந்து நின்று பார்த்தார்கள். அதைக்கூடத் தாங்கிவிடலாம். முன்னால் போகும் வண்டியின் பின்கண்ணாடியில், அவரே தன் கையால் ஒட்டிய வேத வசனம், சத்தியத்தைப் பற்றியது, இன்னும் அப்படியே இருந்தது. திருநீறு பூசுகிறவன் அதைச் சுரண்டாமல் வைத்திருந்தான். வேறு பக்கம் பார்க்கலாமென்றால், கயிற்றில் வருகிறவன் முன்னால்தான் பார்த்தாக வேண்டும்.

பட்டறை வாசலில் அப்பாத்துரை இரண்டாயிரம் ரூபாயை நீட்டினார்.

"வேண்டாம் அண்ணாச்சி. உங்ககிட்ட வாங்கலாமா?"

அந்த ஒரு சொல்லில் அவர் உடைந்துபோனார். "தம்பி," என்றார், இதற்குமுன் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. "நான் உன்னை ஏமாத்திட்டேன். அந்த வண்டியில அறுபதாயிரம் கிலோமீட்டரக் குறைச்சு வச்சுத்தான் வித்தேன். எவ்வளவு திருப்பித் தரணும்னு சொல்லு. இப்பவே தாரேன்."

ஜெபகனி தலையைக் குனிந்துகொண்டாள். இசக்கிமுருகன் கயிற்றைச் சுருட்டுவதை நிறுத்தவில்லை.

"தெரியும் அண்ணாச்சி. வாங்குன மறுநாளே டேஷ்போர்டக் கழட்டிப் பாத்துட்டேன்."

"வீட்டு வயரிங் பாக்குதவனுக்கு அது எப்படித் தெரியும்?"

"வீட்டு வயரிங்குன்னு நீங்களா நெனச்சுக்கிட்டிய. நான் பாக்கது கார் வயரிங். நாகர்கோவில் ரோட்டுல நீங்க இந்த சீமைக் காரை வாங்குனிய பாருங்க, அந்தக் கடைக்கு மீட்டர் வேலை பூரா நான்தான்."

அப்பாத்துரை மெதுவாகத் திரும்பித் தன் காரைப் பார்த்தார். வாயைத் திறந்தார். கோபப்படுவதற்கு வேண்டிய யோக்கியதை எதுவும் கைவசம் இல்லை.

"பாளையங்கோட்டை ஹார்டுவேர் அப்பாத்துரை பாக்க வாராவன்னு முதலாளி சொன்னாரு. எம்பதாயிரம் குறைச்சேன். உங்க அறுபதக் கழிச்சா, இருபதாயிரம் கிலோமீட்டர் நான்தான் உங்களுக்குத் தரணும்." இசக்கிமுருகன் கயிற்றை டிக்கியில் போட்டு மூடினான்.

"இன்னைக்கு இழுத்த இருபது போக, பாக்கி பத்தொம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எம்பது."