கூரையில்லாத லோட்

“தங்கச்சி, நாளையிலேருந்து உன் காடிய என் பார்க்கிங் லோட்ல போட்டுக்கோ. என் காடி உன் லோட்டுக்கு வரும். கமிட்டி முடிவு.”

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியின் செயர்மேன் ஷேக் அலாவுதீன் அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் நாசி கண்டார் சோற்றுக் கடையைத் திறக்கப் போய்விட்டார்.

குமுதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புது மின்சாரக் கார் வாங்கி முழுசாக ஒரு மாதம் ஆகவில்லை. அவளுடைய லோட் கூரைக்கு அடியில் இருப்பது. அவருடையதோ கீழ்த்தளத்தில் அவர் வீட்டை ஒட்டிய வெட்டவெளி. வெயில், மழை, காக்கை எச்சம் எல்லாம் இலவசம்.

மறுநாள் பார்த்தால், அவருடைய பழைய பெட்ரோல் காடி அவளுடைய லோட்டில் நிழலில் சுகமாக நின்றுகொண்டிருந்தது.

“பாத்தீங்களா? எலக்ட்ரிக் காடி வெடிக்கும்னு எல்லாரையும் பயமுறுத்தித்தான் என் லோட்ட பிடுங்கியிருப்பாரு,” என்றாள் கணவன் குகனிடம்.

குகன் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு மெல்லக் காடிக்குள் உட்கார்ந்தான். வேலையிடத்தில் கால் நசுங்கி, எலும்பில் கம்பி வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வருவது குமுதாதான்.

“விடு லா. லிஃப்டுக்கு இதுவும் கிட்டத்தானே.”

“எப்படி விடுறது? இங்க நான் சார்ஜ்கூடப் போடுறதில்ல, செபராங் ஜெயா ஆபீஸ்லயே போட்டுட்டு வந்துடறேன். அவரு கடையில அத்தனை சமையல் கேஸ் தோங் அடுக்கி வெச்சிருக்காரே, அது வெடிக்காதா? பெட்ரோல் காடி எரிஞ்சதே இல்லையா?”

“அதுவும் எரியுது. பழகிட்டதால யாரும் பயப்படல. இது புதுசு. இன்னும் கொஞ்ச வருசம் போனா எல்லாரும் இதுக்குத்தான் வரணும்.”

“வரட்டும். அப்ப நான் செயர்மேனா இருப்பேன். யாரு எங்க போடணும்னு நான் சொல்றேன்.”

அதன் பிறகு குமுதா அவர் கடைப் பக்கமே போகவில்லை. “குகன் எப்படிம்மா இருக்காரு?” என்று அவர் கேட்டால், கைப்பேசியைப் பார்த்தபடி, “இருக்காரு,” என்று நடந்துவிடுவாள். வெயிலில் கொதித்த ஸ்டியரிங்கைத் தொடும்போதெல்லாம் அவரை மனசுக்குள் நன்றாக வைதாள்.

ஞாயிற்றுக்கிழமை அதற்குமேல் பொறுக்கவில்லை. கேட்டே விடுவது என்று கிளம்பிப் போய்க் கதவைத் தட்டினாள். அவர் மனைவி சுலைஹா திறந்தாள்.

“அண்ணன் இருக்காரா?”

“கடையில இருக்காரு. வா, உள்ள வா.”

“வேணாக்கா. நேராவே கேக்குறேன். நிழல் வேணும்னா வேணும்னு சொல்லியிருக்கலாம். கமிட்டி மேல ஏன் பழியப் போடணும்?”

சுலைஹா வாசலுக்கு வெளியே வந்தாள்.

“கமிட்டி என்ன முடிவு பண்ணுச்சுன்னு உனக்கு யாரும் சொல்லலையா?”

“என்னவாம்?”

“எங்கயோ காடி எரிஞ்ச வீடியோவ ஒருத்தர் குரூப்ல போட்டுட்டாரு. அன்னிக்கு மீட்டிங்ல, எலக்ட்ரிக் காடி கேட்டுக்குள்ளயே வரக்கூடாது, மெயின் ரோட்டுல போட்டுட்டு நடந்து வரட்டும்னு எல்லாரும் கை தூக்கிட்டாங்க.”

குமுதாவுக்கு மெயின் ரோட்டிலிருந்து வரும் அந்த மேடு கண்முன்னால் வந்தது. வெறுங்கையோடு ஏறினாலே மூச்சு வாங்கும். குகன் ஊன்றுகோலோடு எங்கே ஏறுவது?

“இவருதான் எந்திரிச்சாரு. ‘கால் முடியாத மனுசன் அந்த மேட்டுல ஏறி வரணுமா? என் ஜன்னலுக்குக் கீழ போடட்டும். எரிஞ்சா முதல்ல எரியப்போறது என் வீடுதானே’ன்னாரு. அதுக்கப்புறம் ஒருத்தரும் வாயத் திறக்கல.”

எத்தனை நாள் அந்த மனிதரின் முகத்தைப் பார்க்காமல் போனோம் என்று நினைத்தபோது குமுதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா.”

“நான் கேட்டேன். ‘சொன்னா அந்தப் பொண்ணு அக்கம்பக்கத்துல யாரு முகத்துலயும் முழிக்காது. என்னைத் திட்டினா திட்டிட்டுப் போவட்டும்’னாரு.”

குமுதா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அண்ணனுக்கு இந்தக் காடின்னா கொஞ்சம்கூடப் பயமில்ல போல,” என்றாள்.

“பயமில்லாமலா?” சுலைஹா குரலைத் தாழ்த்தினாள். “என்னையும் பிள்ளைங்களையும் பின் ரூமுக்கு மாத்திட்டு, அந்த ஜன்னலோரம் அவரு ஒத்தையா படுத்துக்கிறாரு.”