நிலைக்கதவு

சுழல்காற்று புரட்டிப்போட்ட ஊருக்கு உதவப் போயிருந்தேன். மண்வெட்டி கொடுத்தார்கள், என் காலையே வெட்டிக்கொள்ளப் பார்த்தேன். அதைப் பிடுங்கிக்கொண்டு, சாயவிருந்த ஒரு நிலைக்கதவைப் பின்னால் நின்று பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். கதவு மட்டும்தான் இருந்தது. வீடு இல்லை.

"சோத்து வண்டி வந்திருக்கு தம்பி. நான் வர்ற வரைக்கும் விட்டுராதீங்க," என்றார் வீட்டுக்காரி எஸ்தரம்மாள்.

"வீடே போயிருச்சேக்கா, கதவ வச்சு என்ன செய்ய?"

"காத்தடிக்கையில ஆட்டத் தேடிப் போன எங்க வீட்டு மனுசன் இன்னும் வரல. வந்தா, இதுதான் நம்ம வீடுன்னு வேற எத வச்சுக் கண்டுபிடிப்பாரு?"

எஸ்தரம்மாள் போனதும் காற்று மறுபடி எழுந்தது. கதவோடு சேர்ந்து நானும் ஆடினேன். இடிபாடுகளை அள்ளிக்கொண்டே வந்த ஜேசிபி எதிரே நின்றது.

"விடுங்கண்ணே, அள்ளணும்," என்று ஓட்டுநர் குரல் கொடுத்தார்.

"உள்ள ஆள் இருக்காங்க!" என்று கத்திவிட்டேன். எனக்குப் பொய்கூட உருப்படியாக வராது, சுற்றிலும் வெட்டவெளி.

இயந்திரம் அணைந்தது. அவர் இறங்கி வருவது கதவிடுக்கில் தெரிந்தது. பக்கவாட்டில் தலையை நீட்டினாலே போதும், எல்லாம் தெரிந்துவிடும். நீட்டவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, கதவை மெல்லத் தட்டினார்.