வெள்ளம் மோந்து பார்க்கும் பொறி

"ஏட்டி விஜயஸ்ரீ! மாப்பிள்ளை வீட்டுக்காரவ வார நேரம். இந்தச் சனியனை யாரு நடுவீட்ல வச்சது?"

திருஞானசம்பந்தம் போட்ட சத்தத்தில் அவர் மனைவி ஞானம்பாள் பஜ்ஜிக் கரண்டியோடு ஓடிவந்தாள்.

சனியன் என்று அவர் சொன்னது மகள் செய்த பொறியை. பித்தளைப் புனல், பழைய கடிகாரச் சக்கரங்கள், குடைக்கம்பி, ஒரு கைப்பிடி. கேபிள் டி.வி.க்குப் பக்கத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. ஆற்றில் வெள்ளம் வருமுன்னே மோந்து சொல்லிவிடுமாம். 'கொல்லம் ஆண்டு 1042, படித்துறைக் காவலுக்கு' என்று அதற்கு நூற்றைம்பது வருஷத்துப் பழங்கதை ஒன்றும் கட்டி வைத்திருந்தாள்.

"இது வேலை செய்யுமாட்டி?"

"செய்யாதுப்பா. அப்படி ஒண்ணு இருந்திருந்தா எப்படி இருக்கும்னு ஒரு கற்பனை. கலை."

"கலையா! ஊரெல்லாம் புளி போட்டுக் களிம்பை எடுக்கு. நீ புதுப் பித்தளைக்கு உப்பையும் எலுமிச்சம்பழத்தையும் தடவிக் களிம்பு ஏத்துத! இல்லாததை இருந்துதுன்னு சொன்னா அதுக்குப் பேரு பொய்ட்டி, பொய்!"

"கல்யாணத்துக்குப் பொறவும் இதைச் செய்வேன்னு அவங்ககிட்ட சொல்லிருங்கப்பா."

"வாயைத் திறந்த, தெரியும் சேதி! பொண்ணு பட்டறை வேலை பாக்குதான்னா எவன் கட்டுவான்?"

வாசலில் வேன் வந்து நின்றது. பொறியைத் தூக்கி ஒளிக்க நேரமில்லை. தோளில் கிடந்த துண்டை அதன்மேல் போட்டுவிட்டு ஓடினார்.

எல்லாரும் உட்கார்ந்ததும் ஃபேன் காற்றில் துண்டு நழுவி விழுந்தது.

"அட, நல்லா இருக்கே! இதை யாரு செஞ்சது?" மாப்பிள்ளை குமரகுருபரன் எழுந்தே வந்துவிட்டான்.

திருஞானசம்பந்தம் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"எங்க பூட்டனார் காலத்துச் சாமான்லா! கொல்லம் ஆயிரத்து நாப்பத்திரெண்டு. ஆத்தங்கரை வயக்காடு பூரா நம்ம கையில இருந்த காலம். வெள்ளம் வாரதை இதை வச்சுத்தான் கண்டுபிடிப்பாவ."

காப்பித் தட்டோடு வந்த விஜயஸ்ரீ காதில் அது விழுந்தது. செய்ததும் அவள், கதை கட்டியதும் அவள். பெயர் மட்டும் பூட்டனாருக்கா?

மாப்பிள்ளையின் அப்பா மட்டும் சும்மா இருப்பாரா? அவர்களும் ஒரு காலத்தில் நிலபுலனோடு இருந்தவர்கள்தானே.

"ஆழ்வார்குறிச்சில எங்க வீட்லயும் இதே மாதிரி ஒண்ணு கிடந்துது அண்ணாச்சி! எங்க தாத்தா விடிஞ்சதும் சுத்திப் பாப்பாவ. போன வருஷம்தான் பேரீச்சம்பழத்துக்குப் போட்டோம்."

"அப்படிச் சொல்லுங்க! நமக்குள்ள எல்லாம் ஒத்துப் போகுது" என்று பூரித்துப் போனார் திருஞானசம்பந்தம்.

விஜயஸ்ரீ தட்டைக் கீழே வைத்தாள்.

"மாமா, ஒரு சந்தேகம். உங்க தாத்தா இந்தக் கைப்பிடியை எந்தப் பக்கம் சுத்துவாவ?"

"வலப்பக்கம்தான்மா. சின்ன வயசுல என் கண்ணால பாத்திருக்கேனே!"

"ரொம்ப உபகாரம் மாமா" என்றவள், மாப்பிள்ளையை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"போன வாரம் இதைச் செஞ்சு முடிச்சதுல இருந்து, எந்தப் பக்கம் சுத்தணும்னு எனக்கே தெரியாம முழிச்சிக்கிட்டு இருந்தேன்."