மதிலுக்கு உள்ளே

பள்ளிவாசல் கத்தீபு நூகு லெப்பை வாசற்படியிலேயே நின்றுவிட்டார். உள்ளே வரவில்லை.

அவருக்குப் பின்னால் சந்து முழுக்கக் குடைகள். இடவப்பாதி மழை விட்டு விட்டுப் பெய்தது. சாலைக் கடைத்தெரு முஸ்லிம்களில் பாதிப் பேர் அங்கேதான் நின்றார்கள்.

முன்னறைக் கட்டிலில் பீர் கண்ணுவின் உடல் கிடந்தது. விடியற்காலை சுபுஹு பாங்கு நேரத்தில் மூச்சு அடங்கியது. உச்சியாகியும் குளிப்பாட்ட ஒருவரும் வரவில்லை.

திரைக்குப் பின்னால், சுவரைப் பிடித்துக்கொண்டு மைமூன் நின்றாள். அவருடைய மனைவி.

பீர் கண்ணு ஊர் விலக்கி வைத்த மனிதர். குடைக் கடைக்காரர், யாரிடமும் குரலை உயர்த்திப் பேசாதவர். வடக்கே எங்கோ ஒருவர் தன்னை நபி என்று சொல்லிக்கொண்டதைக் கேள்விப்பட்டார். கேட்டதோடு விடாமல் அதையே யோசித்தார். கடைசியில் நம்பியும் விட்டார்.

முகம்மது நபியோடு நபிமார்களின் வரிசை முடிந்தது, அவருக்குப் பின் ஒரு நபி இல்லை. அதை மறுப்பவனுக்குப் பள்ளிவாசலிலும் இடமில்லை, செத்தால் கபர்ஸ்தானிலும் இடமில்லை என்று ஊர் கூடித் தீர்மானித்தது.

மைமூனும் ஊரைப் போலத்தான் நம்பினாள். அவர் மனசைத் திருப்பிக் கொடு என்று தொழுகைக்குத் தொழுகை கையேந்தி அழுதாள். ஆனால் அவளுடன் கூடப்பிறந்த காக்காமார் வண்டி கட்டிக்கொண்டு வந்து கூப்பிட்டபோது, அவரை விட்டுப் போகவில்லை.

ஊர் அவரிடம் கேட்டது ஒரு சொல்தான். தெரியாமல் நம்பிவிட்டேன், மாறிவிட்டேன் என்று சொன்னால் போதும். கடைக்கு ஆள் வரும், பள்ளியில் தொழுகை வரிசையில், சஃபில் நிற்கலாம். உறவுக்காரர்கள் தாடையைப் பிடித்துக் கெஞ்சினார்கள். நெஞ்சில் இல்லாததை நாக்கில் எப்படி வைக்க என்று மட்டும் அவர் கேட்பார்.

கபர்ஸ்தானுக்குள் அவர்களுடைய மகள் நபீசா கிடந்தாள். அவர் விலக்கப்படுவதற்கு முன்பே வைசூரி கொண்டுபோன பிள்ளை.

வெள்ளிக்கிழமைகளில் ஊரே ஜும்ஆவுக்குள் போனபிறகு, பீர் கண்ணு கபர்ஸ்தானின் பின்பக்கம் போய், செங்கல் மதில் சரிந்து தாழ்ந்திருந்த இடத்தில் நின்று உள்ளே பார்ப்பார். தாண்டிப் போனால் தடுக்க ஆளில்லை. ஒருநாளும் தாண்டவில்லை. வீட்டுக்கு வந்து, பிள்ளையின் தலைமாட்டில் வைத்த மருதாணி தழைத்திருக்கிறது என்பார். அல்லது காய்ந்துவிட்டது என்பார்.

இப்போது கபர்ஸ்தான் இல்லையென்றால் சங்குமுகம் பக்கத்துக் கடற்கரைதான். அங்கே புதைத்த ஒரு பரதேசியை நாய்கள் வெளியே இழுத்துப் போட்ட கதை மைமூனுக்குத் தெரியும். சந்தில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

நூகு லெப்பை தொண்டையைச் செருமினார். பீர் கண்ணுவும் அவரும் ஒரே ஓதுப்பள்ளியில், ஒரே பலகையில் ஓதியவர்கள். விலக்குத் தீர்ப்பை வாசித்ததும் அவர்தான். அன்று பாதியில் குரல் உடைந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மீதியை வாசித்தார். இன்றும் அவருக்கு அந்தத் தீர்ப்பில் சந்தேகம் இல்லை. கட்டிலில் கிடப்பவனைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை.

"மைமூனே, கடைசி நேரத்துல பக்கத்துல இருந்தது நீ மட்டுந்தான். அவன் மாறினானா? ஒத்த வார்த்தை சொல்லு மோளே. பிள்ளைக்குப் பக்கத்துல கொண்டு வச்சிருதேன்."

சந்தில் குடைகள் வாசலை நெருங்கி வந்தன.

மைமூன் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவள், நாக்கு எழவில்லை என்று வெளியே நின்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். யாரோ விசும்பினார்கள்.

திரையின் ஓரம் வழியாகக் கட்டிலில் பீர் கண்ணுவின் பாதங்கள் தெரிந்தன.

"மாறினாரு," என்றாள். "எங்கிட்ட சொன்னாரு."

நூகு லெப்பை இரண்டாவது முறை கேட்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்றபடி முகத்தைத் துடைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் வெந்நீர் வந்தது, கஃபன் துணி வந்தது, சாம்பிராணிப் புகை வந்தது. வருஷக்கணக்கில் அந்தப் படி ஏறாத பெண்கள் வந்து மைமூனைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். தோள் கொடுக்க ஆண்கள் முண்டியடித்தார்கள்.

பீர் கண்ணுவைச் சுமந்து சந்தூக்கு வெளியேறியது. கலிமா ஓதும் குரல்கள் கடைத்தெருப் பக்கம் திரும்பி மெல்ல மறைந்தன.

எதிர்வீட்டு இறவாரத்தின் அடியில் ஒருவர் மட்டும் மிஞ்சி நின்றார். தையல்காரர் உதுமான். இந்த ஊரில் பீர் கண்ணுவைப் போலவே நம்பிய இன்னொரு ஆள் அவர் ஒருவர்தான். கடற்கரைக்குத் தன் தோளிலேயே தூக்கிப் போகலாம் என்று மண்வெட்டியோடு வந்திருந்தார்.

அவர் மெதுவாக வாசலுக்கு வந்து, திரையைப் பார்க்காமல், படியைப் பார்த்துக் கேட்டார்.

"நெசமா மைனி?"

மைமூன் அவர் கையிலிருந்த மண்வெட்டியைப் பார்த்தாள்.

உதுமான் அதைத் தோளில் எடுத்து வைத்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். அந்த நடையைப் பார்க்கையில், இனி இந்த ஊரில் அவருக்குப் பேச்சுத்துணை இல்லை என்பது மைமூனுக்குப் புரிந்தது. கூப்பிட நினைத்தாள். கூப்பிட்டு என்ன சொல்வது?

பாங்குக்குச் சற்று முன்னால் பீர் கண்ணு அவள் கையைப் பிடித்து, மூச்சைக் கூட்டிக் கூட்டிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நான் மாறிட்டேன்னு மட்டும் ஒருத்தரையும் சொல்ல விட்டுறாதே.

அல்லாஹ் மேல் ஆணையாக விடமாட்டேன் என்று அவள் சொல்லியிருந்தாள்.