கரிக்கோடு போட்ட முட்டைகள்

"முதலை முட்டையைத் திருடுறது வெளியாள் இல்லே, ருபியெலா. சாட்சாத் உன் புருஷன்தான்!"

மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த தங்கை நிமிர்ந்தாள்.

"வாய்க்கு வந்தபடி பேசாதே அண்ணே. அந்த மனுஷன் வேட்டையை விட்டு இருபது வருஷமாச்சு."

வில்ஃப்ரிதோவுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? அந்தச் சதுப்புநிலத்து முதலைகளைக் கொன்று தீர்த்தவர்களே பிறகு சங்கம் வைத்தார்கள். முட்டை பொரிக்கவைத்து, குஞ்சு வளர்த்து, ஆற்றில் விட்டார்கள். இனம் தழைத்துவிட்டது. அடுத்த வாரம் தலைநகர் போகோத்தாவிலிருந்து அதிகாரிகள் வந்து கூடுகளை எண்ணப் போகிறார்கள். எண்ணிக்கை தேறினால் முதலை வேட்டைக்கான முழுத்தடை தளரும். அனுமதியோடு தோல் விற்றுச் சங்கம் பிழைக்கலாம். இந்த நேரம் பார்த்தா கூடுகள் ஒவ்வொன்றாகக் காலியாக வேண்டும்?

"விடியக்காலையில கூடையைத் தூக்கிட்டு எங்கே போறாராம் உன் உத்தமர்?"

"நண்டு பிடிக்க."

"சரி, உங்க வீட்டுல கடைசியா நண்டு சமைச்சது எப்போ?"

ருபியெலா மறுபடி கிழங்கை உரிக்க ஆரம்பித்தாள். சந்தேகம் அவளுக்கும் இருந்தது, பாவம்.

மறுநாள் விடிந்ததும் வில்ஃப்ரிதோ தன் ஓடத்தில் தங்கை புருஷன் எவெலியோவைப் பின்தொடர்ந்தான். ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு திட்டில், முழங்கால் சேற்றோடு குனிந்திருந்தான் எவெலியோ.

"கையும் களவுமா மாட்டினியா மாப்ளே! எவனுக்கு விக்கிறே?"

எவெலியோ ஒதுங்கி நின்றான். மண்மேட்டுக் குழியில் முட்டைகள். ஒவ்வொன்றின் மேலும் கரிக்கோடு. முட்டை புரண்டால் உள்ளே கரு செத்துவிடும் என்று, எது மேல்பக்கம் எனத் தெரிவதற்காகச் சங்கத்தில் எல்லோரும் போடும் அதே கோடு.

வில்ஃப்ரிதோ திகைத்துப்போனான். விற்கிறவன் எதற்குக் கோடு போடுகிறான்?

"பொரிக்கவா வெச்சிருக்கே? அதை ஏன்யா ஒளிச்சு வெக்கணும்? கூடு குறைஞ்சா தடை தளராதே!"

"தளரக் கூடாது மச்சான்."

"புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? ஊரே இதைத்தான் நம்பியிருக்கு!"

"நம்ம சங்கத்துல ஒருத்தன் இருக்கான். முதலையைப் பார்த்தா அவனுக்கு இன்னிக்கும் கை துறுதுறுக்குது. ஜெயிலுக்குப் பயந்துதான் அடங்கிக் கிடக்கான். தடை தளர்ந்துச்சுன்னா, அனுமதியாவது ஒண்ணாவது... வெறி பிடிச்சுக் கொன்னு குவிச்சிடுவான்."

வில்ஃப்ரிதோவுக்கு ரத்தம் கொதித்தது. மனசுக்குள் நாலைந்து முகங்கள் வந்துபோயின.

"யார்யா அந்தப் பாவி? பேரைச் சொல்லு, இன்னிக்கே சங்கத்தை விட்டு விரட்டறேன்!"

எவெலியோ முட்டைகளின் மேல் மெல்ல மண்ணைத் தள்ளி மூடினான். "விரட்டிடு மச்சான்" என்றான். "நான்தான்."